தாத்தாவின் தோட்டாப் பெட்டி

ராயப்பேட்டையில் ஒரு பழைய வீட்டைக் காலி செய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பரண் மேல் தாத்தாவின் தோட்டாப் பெட்டி! லைசென்ஸ் இல்லாமல் வைத்திருந்தால் 1959-ம் வருட ஆயுதச் சட்டம் பாயும். பேசாமல் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைத்துவிடுங்கள்.

லைசென்ஸ் இருக்கிறது, சுடத்தான் பறவை இல்லை என்கிறீர்களா? 1972-ம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இப்போது பொழுதுபோக்குக்காக வேட்டை என்ற பேச்சுக்கே இடமில்லை. மிச்சத் தோட்டாவுக்கு ஒரே போக்கிடம், களிமண் புறா.

பெயர்க்காரணம் கொஞ்சம் கொடூரமானது. 1900 பாரீஸ் ஒலிம்பிக்கில் நிஜப் புறாவையே பறக்கவிட்டுச் சுட்டார்கள். சுமார் 300 புறாக்கள் காலி. 21 புறாக்களை வீழ்த்தி ஜெயித்தவர் பெல்ஜியத்தின் லியோன் டி லுண்டன். இத்தனைக்கும் அதற்கு 20 வருடம் முன்பே அமெரிக்காவில் ஜார்ஜ் லிகோவ்ஸ்கி என்பவர் சாஸர் மாதிரி களிமண் தட்டு செய்து பறக்கவிட்டாயிற்று. அதற்கும் முன்னால் கண்ணாடி உருண்டைகள். உடைந்ததும் பறக்கட்டும் என்று உள்ளே இறகை வேறு அடைத்து வைத்தார்கள். ஆசை யாரை விட்டது!

நம்மூர் மகாராஜாக்கள் மட்டும் சளைத்தவர்களா? 1938 நவம்பரில், வைஸ்ராய் லின்லித்கோ விருந்தாளியாக வந்தபோது, பரத்பூர் ஏரியில் ஒரே நாளில் சுடப்பட்ட பறவைகள் 4,273. பிகானீரிலும் இந்தக் கூத்து உண்டு. ஆனால் அந்த வம்சத்து கர்ணி சிங் களிமண் தட்டுக்கு மாறினார். ஐந்து ஒலிம்பிக், 1962 கெய்ரோ உலகப் போட்டியில் வெள்ளி! நம் புதுக்கோட்டை அரச குடும்பத்துப் பிரித்விராஜ் தொண்டைமான் 2023-ல் ஹாங்சோ ஆசிய விளையாட்டில் அணித் தங்கம் வென்றார். அடுத்த வருடம் பாரீஸ் ஒலிம்பிக்கிலும் ஆடினார்.

சரி, பறவை தப்பித்ததா? காமர்ஸ் படித்தவன், கணக்குப் பார்க்காமல் விடமாட்டேன். ஒரு தோட்டாவில் 24 கிராம் ஈயம், ஏறக்குறைய 300 ரவைகள். போட்டியில் 125 தட்டுகள். தட்டுக்கு ஒரே தோட்டா என்றாலும் 3 கிலோ ஈயம். தட்டு உடைந்து போகும், ஈயம் எங்கே போகும்? அப்படியே கிடக்கும். பல் இல்லாத வாத்து, தீனியை அரைக்கப் பொடிக்கல் பொறுக்கும்போது ரவையையும் சேர்த்து விழுங்கும். சில ரவைகள் போதும், வாத்து செத்துப்போக.

அதனால்தான் நீர்ப்பறவை வேட்டையில் ஈயத்தை அமெரிக்கா 1991-ல் தடை செய்தது. ஐரோப்பிய யூனியனில் 2023 முதல் ஈரநிலங்களில் ஈயத் தோட்டாவால் சுடக்கூடாது. அங்கெல்லாம் வேட்டைக்காரர் வீட்டில் மிஞ்சிய பெட்டிகளைக் களிமண் தட்டு மைதானத்தில் சுட்டுத் தீர்த்துவிடலாம் என்ற யோசனை சுலபமாக வரும். தீர்வது பெட்டிதான். ஸ்டாக் ரிஜிஸ்டரில் 'நில்', மண்ணில் 3 கிலோ! ஒழுங்கான மைதானம் என்றால் மேல்மண்ணைச் சுரண்டிச் சலித்து ஈயத்தை மீட்டு உருக்கக் கொடுத்துவிடுவார்கள். குண்டு போய் விழும் பக்கம் ஏரியாக இருந்தால் மீட்பது பெரும்பாடு.

ஏரியில் சுடவே விடாத ஒரு ஊர் நமக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வேடந்தாங்கல். வெள்ளைக்கார சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது ஊர்க்காரர்கள் கலெக்டரிடம் போய் நின்றார்கள். ஈய விஷமெல்லாம் அவர்களுக்குத் தெரியாது. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் நெல் நன்றாக விளையும் என்பது தெரியும். 1798-ல் கலெக்டர் லயனல் பிளேஸ், பறவைகளைப் பாதுகாக்கும் உரிமையைக் கௌலாகவே எழுதிக் கொடுத்தார். 1858-ல் அதைப் புதுப்பித்தும் வாங்கிக்கொண்டார்கள்.