குடிகிடப்பும் சொந்த மனையும்

‘எலி வளையானாலும் தனி வளை வேண்டும்’ என்பது நம் நாட்டுப் பழமொழி. ரயில்வே குவார்ட்டர்ஸில் வாழும் நமக்கு அதன் பொருளை எவரும் விளக்க வேண்டுவதில்லை. பணி உள்ளவரை கூரை உண்டு. ஓய்வு பெற்றபின் சாவியை ஒப்படைத்தாக வேண்டும். எனவே, ஊரில் ஒரு துண்டு மனையாவது நம் பெயரில் இருக்க வேண்டும் என்று ஏங்குகிறோம். இவ்வேக்கத்தை வெறும் பொருளாசை எனச் சிலர் இகழ்வர். அது பொருளாசையன்று, அச்சத்தினின்று பிறந்த ஆசை. அவ்வச்சத்தின் வரலாற்றைத் தெற்குத் திருவிதாங்கூரின் எல்லைப்புறத்தில் தெளிவாகக் காணலாம்.

பாறசாலை, நெய்யாற்றின்கரை, நெய்யாறு அணை அமைந்த கள்ளிக்காடு ஆகியவை தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் பகுதிகள். 1956 நவம்பர் 1-ஆம் நாள் மாநிலங்கள் திருத்தியமைக்கப்பட்டபோது தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்களும் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. அன்று அவ்வட்டத்தைச் சேர்ந்திருந்த கள்ளிக்காடு, 2014-இல் அமைந்த காட்டாக்கடை வட்டத்தில் இப்போது உள்ளது. எல்லைக்கோடு உறவினரைப் பிரித்தது. ஆயினும் மனையைப் பற்றிய கவலை கோட்டின் இருபுறத்தும் ஒன்றாகவே இருந்தது.

பழைய திருவிதாங்கூரில், உழைக்கும் குலத்தார்க்கு வீடு என்பது உரிமையன்று. பிறர் இட்ட பிச்சை. சாமுவேல் மேட்டீர் என்னும் பாதிரியார் 1871-இல் வெளியிட்ட நூலில், அக்காலத்தில் சாணார் எனப்பட்ட மக்கள் மாடி வைத்து வீடு கட்டலாகாது என்றிருந்த தடையைக் குறித்துள்ளார். பொருள் ஈட்டினாலும் அதற்கேற்ப வீட்டை உயர்த்த இயலவில்லை. அடிமைகளாக விற்கப்பட்டு வந்த மக்களுக்கோ மண்ணும் இல்லை, உடலும் தமதில்லை. அடிமை முறையை முற்றிலும் நீக்கிய அரச விளம்பரம் 1855-இல்தான் வந்தது.

பத்தாண்டுகள் கழித்து, கொல்லம் 1040-இல், அதாவது 1865-இல், ஆயில்யம் திருநாள் மகாராஜா காலத்தில், திவான் மாதவராவ் பண்டாரப்பாட்ட விளம்பரத்தை வெளியிட்டார். சர்க்கார் நிலத்தைப் பாட்டத்திற்குப் பயிரிட்டு வந்த குடிகள் அந்நிலத்தை விற்கவும், ஒற்றி வைக்கவும், மக்களுக்கு விட்டுச் செல்லவும் உரிமை பெற்றனர். பல குடும்பங்கள் தம் விளைகளின் பெயரையே வீட்டுப் பெயராகக் கொண்டு நிலைபெற்றன. எல்லைப்புறத்தில் ‘விளை’ என்றும் ‘விளாகம்’ என்றும் முடியும் வீட்டுப் பெயர்கள் இன்றும் மிகுதி.

ஆனால் அவ்வுரிமை நிலம் பயிரிட்டோர்க்கே கிட்டியது. பிறர் புரையிடத்தின் ஓரத்தில் ஓலைப்புரை கட்டிக் கிடந்தோர்க்கு எட்டவில்லை. அவர்களுக்குக் குடிகிடப்புக்காரர் என்று பெயர். வாசலில் ஒரு பலாக்கன்று நட்டால், அது காய்க்கும்வரை அங்கே இருப்போமா என்று அவர்கள் அறியார். நிலவுடையவர் முகம் சுளித்தால் அடுப்பையும் சட்டியையும் தூக்கிக்கொண்டு இறங்க வேண்டியதே. அதனினும் பெருந்துயரம் ஒன்றுண்டு. இறந்தோரைத் தம் புரையிடத்தின் தென்பக்கத்தில் அடக்கம் செய்தல் இந்நாட்டில் பலரது வழக்கம். சொந்த மண் இல்லாதவன் தன் தாயை எங்கே வைப்பான்?

இவர்களுக்காகக் குரல் கொடுத்தவருள் ஒருவர், நெய்யாற்றின்கரை வட்டத்து வெங்ஙானூரில் பிறந்த அய்யன்காளி. ஸ்ரீமூலம் பிரஜா சபையின் உறுப்பினராகி, 1912-இல் தம் மக்களுக்குப் புதுவல் நிலம் பதித்துத் தருமாறு வேண்டினார். பள்ளிக்காகப் போராடிய அப்பெருமகனார் சபையில் நிலத்தையும் கேட்டது எண்ணத்தக்கது. நிற்க இடம் இல்லாதவன் பிள்ளையை எவ்வாறு பள்ளிக்கு அனுப்புவான்?

1957 ஏப்ரல் 5-ஆம் நாள் பதவியேற்ற இ. எம். எஸ். நம்பூதிரிபாட் அமைச்சரவை, ஆறாம் நாளே குடியிறக்கைத் தடுக்கும் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. பின்னர் 1963-ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டம், 1969-இல் திருத்தப்பெற்று, 1970 சனவரி முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அதன்படி, கட்டும்போது 750 ரூபாய்க்கு மேற்படாத செலவில் எழுந்த குடிசையும், மாதம் 5 ரூபாய்க்கு மேற்படாத வாடகை பெறத்தக்க குடிசையும் குடிகிடப்பாகக் கொள்ளப்பட்டன. அதில் வாழ்ந்தவர் ஊராட்சிப் பகுதியில் 10 சென்ட் வரை விலைக்கு வாங்கலாம். விலையோ சந்தை மதிப்பில் நான்கில் ஒரு பங்கு. அதையும் ஆண்டுத் தவணைகளாகச் செலுத்தலாம்.

எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டிலும் 1971-இல் குடியிருப்பு அனுபோகதாரர்க்கு மனையுரிமை வழங்கும் சட்டம் இயற்றப்பட்டது. 1972-இல் எம். என். கோவிந்தன் நாயர் முயற்சியால் கேரளத்தில் ‘லட்சம் வீடு’ திட்டம் தொடங்கி, நடுச்சுவர் ஒன்றைப் பகிர்ந்துகொண்ட இரட்டை வீடுகள் ஊர்தோறும் எழுந்தன.

10 சென்ட் என்பது 4,356 சதுர அடி. ஒரு கிணறு, நாலைந்து தெங்கு, ஒரு பலா, சிறிது மரச்சீனி. இவ்வளவே அதில் அடங்கும். எனினும் அதற்குரிய பட்டயத்தைத் தகரப் பெட்டியில் வைத்து, கரம் கட்டிய ரசீதுகளை ஆண்டுதோறும் அதனுடன் அடுக்கி வைத்தனர் நம் மூதாட்டியர். பத்திரம் மலையாளத்தில் இருந்தது. அவர்களுட் பலருக்கு எம்மொழியும் வாசிக்கத் தெரியாது. ஆயினும் ‘இனி ஒருவரும் இறங்கு என்று சொல்ல மாட்டார்’ என்னும் ஒரு பொருளை அவர்கள் அதில் ஐயமற வாசித்தனர்.

அன்பர்களே! இங்கேதான் நாம் நம்மையே வினவிக்கொள்ள வேண்டியுள்ளது. அந்தப் 10 சென்ட் இன்று மூன்றாம் தலைமுறைக்கு வந்துள்ளது. பிள்ளைகளுள் சிலர் நம்மைப்போல் வெளியூரில் சம்பளம் பெறுவர். கைம்பெண்ணான ஓர் அக்காளோ, மணமாகாத ஒரு தம்பியோ அவ்வீட்டிலேயே இருப்பர். நாம் நகர்ப்புறத்தில் மனை வாங்க முன்பணம் தேடும்போது நம் பங்கின் நினைவு வருகிறது. ‘பிரித்து விற்றுவிடலாம்’ என்று கடிதம் எழுதுகிறோம். நம் பாட்டியை ‘இறங்கு’ என்று சொல்லக்கூடியவராய் அன்று நிலவுடையவர் நின்ற இடத்தில், இன்று நம் அக்காளுக்கு எதிரே நாம் நிற்கிறோம்.

பங்கு கேட்பது குற்றமன்று. சட்டம் தந்த உரிமையே. ஆயினும் அதே சட்டம் இவ்வுணர்வையும் மதிக்கிறது. 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் 4-ஆம் பிரிவின்படி, பிரிவுபடாத குடும்ப வீட்டில் ஒருவரது பங்கை வாங்கிய அயலார் பிரிவினை கோரி வழக்கிட்டால், அப்பங்கை மதிப்பிட்ட விலைக்குத் தாமே வாங்கிக்கொள்ளக் குடும்பத்தார் நீதிமன்றத்தை வேண்டலாம். குடியிருந்த வீடு மற்றச் சொத்தைப் போன்றதன்று என்பதை இச்சட்டமும் ஒப்புக்கொண்டது என்க.

ஆகவே, சொந்த வீடு தேடும் நாம் முதலில் ஒன்று செய்வோம். பாகம் பேச அமரும் நாளில், அவ்வீட்டில் வாழ்பவர்க்கு எது நிலைத்த இடம் என்பதை முன்னே முடிவு செய்து, எழுத்தில் பதிந்துவிட்டு, அதன்பின் எஞ்சியதைப் பங்கிடுவோம். நம் பங்கில் ஒரு சென்ட் குறையலாம். ஆனால் மூன்று தலைமுறையாக நம் குடும்பம் அஞ்சிய சொல், நம் வாயினின்று பிறவாதிருக்கும்.