பழுப்பு ஆன்டெகைனஸும் யாழ்ப்பறவையும்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ், தென்கிழக்குக் குயின்ஸ்லாந்து காடுகளில் ஒரே தரையில் இரை தேடும் இரண்டு உயிரினங்கள். ஆன்டெகைனஸ் பார்வைக்குச் சுண்டெலி போன்ற பைப்பாலூட்டி; வளர்ந்த ஆணே 70 கிராமைத் தாண்டுவது அரிது. யாழ்ப்பறவை சுமார் ஒரு கிலோ எடையுள்ளது. பாடும் பறவைகளில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. சருகிலும் மண்ணிலும் உள்ள பூச்சி, சிலந்தி, புழுக்களே இரண்டுக்கும் உணவு. இரண்டும் இணை சேருவது குளிர்காலத்தில். இரண்டிலும் பிள்ளை வளர்ப்பு முழுவதும் தாயின் பொறுப்பு. ஆனால் ஆண்கள் தங்கள் வாழ்நாளைச் செலவிடும் விதம் நேர் எதிரானது.

ஆண் ஆன்டெகைனஸுக்குக் கிடைப்பது ஒரே ஒரு இணைசேரும் பருவம். இரண்டு மூன்று வாரங்களே நீளும் அந்தப் பருவம் தொடங்கும் முன்பே அதன் உடலில் விந்தணு உற்பத்தி நின்றுவிடுகிறது. சேமித்ததை வைத்தே காரியம் நடக்க வேண்டும். ஒரு புணர்ச்சி பல மணி நேரம் நீடிக்கும். இரத்தத்தில் மன அழுத்தச் சுரப்பு கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. நோய் எதிர்ப்பு குலைந்து, இரைப்பையில் புண்ணாகி இரத்தம் கசிந்து, ஒரு வயது நிறையும் முன்பே காட்டிலுள்ள ஆண்கள் அத்தனையும் மடிகின்றன. அதன்பின் சில வாரங்களுக்கு அந்த இனத்தில் எஞ்சியிருப்பவை சூல்கொண்ட பெண்கள் மட்டுமே. ஒரே ஈற்றுக் குட்டிகளுக்குப் பல தந்தையர் இருப்பது வழக்கம். அந்தப் போட்டியில் உடலை மிச்சம் வைக்காமல் செலவிட்ட ஆணுக்கே வாரிசு அதிகம் என்று ஆய்வாளர் டயானா ஃபிஷர் குழுவினர் 2013-இல் விளக்கினர். பூச்சிகள் பெருகும் கோடையில் குட்டிகள் பால்குடி மறக்கின்றன. பருவம் இவ்வளவு குறுகியிருப்பதற்கும் அதுவே காரணம்.

யாழ்ப்பறவைக்கு அவசரமில்லை. ஆணுக்கு வால் முழு வடிவம் பெறவே பல ஆண்டுகள் ஆகும். யாழின் வளைவு கொண்ட இரண்டு இறகுகள் ஓரங்களில் நிற்க, நடுவே வெண்ணிழைகள் தொங்கும். மண்மேட்டின் மீது ஏறி, வாலைத் தலைக்கு மேல் முன்புறமாகக் கவிழ்த்து, பிற பறவைகளின் குரல்களை அடுத்தடுத்துப் பாடிக்கொண்டே ஆடும். பெண் இணையாமல் விலகத் தொடங்கினால், எதிரியைக் கண்ட பல பறவைகள் ஒன்றாகக் கூச்சலிடும் ஓசையை ஒற்றை ஆணே எழுப்பும். 2021-இல் வெளியான ஆய்வு பதிவுசெய்த இந்த நடத்தை, போலிக்குரல் வெறும் அலங்காரமல்ல என்பதைக் காட்டுகிறது. பெண் இடுவது ஒரே முட்டை. அது பொரிய ஏறக்குறைய 50 நாட்கள் ஆகும். இந்த அளவுள்ள பறவைக்கு இது மிக நீண்ட காலம்.

இரை தேடும்போது இப்பறவை மண்ணையே புரட்டிப்போடுகிறது. விக்டோரியா மாநிலக் காடுகளில் ஆண்டுக்கு ஒரு ஹெக்டேரில் சராசரியாக 155 டன் மண்ணையும் சருகையும் அது இடம்பெயர்ப்பதாக 2020-இல் கணக்கிட்டனர். சருகு மண்ணுக்குள் போவதால் காட்டுத்தீக்கு இரை குறைகிறது. தீ கடந்துபோன இடத்தில் ஆன்டெகைனஸ் உடல் வெப்பத்தைத் தணித்து, மந்தநிலையில் அதிக நேரம் கிடந்து, குறைந்த உணவில் காலம் தள்ளுகிறது. ஆண்டுக்கு ஒரு முட்டை மட்டுமே இடும் யாழ்ப்பறவையோ, ஆஸ்திரேலியாவின் 2019–20 பெருங்காட்டுத்தீ போன்ற இழப்பிலிருந்து மெதுவாகத்தான் மீள முடியும்.