கடற்கரைக் கால்களின் விலை

குமரி மாவட்டத்து மயிலாடியில் செதுக்கும் சிலைக்குக் கல்லும் கைவேலையும் விலை சொல்லிவிடும். கால்பந்து வீரருக்கு அப்படியல்ல. குமரியின் மேற்குக் கடலோர ஊர்கள் தலைமுறைகளாகத் தேர்ந்த ஆட்டக்காரர்களைத் தந்தவை. அன்று நல்ல ஆட்டத்துக்குக் கிடைத்த பெரும்பேறு ரயில்வேயிலோ வங்கியிலோ ஒரு வேலை. 2014இல் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) தொடங்கியது. அதன் 2017 வீரர் தேர்வில் கேரள வீரர் அனஸ் எடத்தொடிகாவின் விலை 1.10 கோடி ரூபாய். இரவிபுத்தன்துறையின் மைக்கேல் சூசைராஜ் 2018இல் ஜாம்ஷெட்பூர் கிளப்புக்கும் மறு ஆண்டே கொல்கத்தாவின் ஏடிகேவுக்கும் போனார்.

திறமைக்குத்தானே விலை என்பார்கள். திறமை முன்னோருக்கும் இருந்தது. இவ்வளவு கொடுத்து வாங்கப் போட்டியிடும் கிளப்புகள்தான் அன்று இல்லை. ஒப்பந்தக் காலமும் விலையை ஆள்கிறது: ஐரோப்பிய நீதிமன்றத்தின் 1995 போஸ்மன் தீர்ப்புக்குப்பின் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஒப்பந்தம் முடிந்த வீரரை மாற்றுக் கட்டணமின்றியே இன்னொரு கிளப் எடுக்கலாம். உடல்நிலை இவற்றைவிடக் கொடிய கணக்கு. 2020 நவம்பரில், பருவத்தின் முதல் ஆட்டத்திலேயே சூசைராஜின் முழங்கால் காயப்பட்டது. இப்படிப்பட்ட காயத்தால் வரும் இழப்பை வீரர் மட்டுமே சுமப்பது நியாயமில்லை.