மலேசிய ஆயுதப் படையின் தலைமை: சட்டம் 1957இல், ஆட்கள் 1967இல்

"நம் நாட்டு ஆயுதப் படைக்குத் தலைவர் யார்?" என்று வகுப்பில் ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் மாமன்னர் என்பார்கள். சிலர் தற்காப்பு அமைச்சர் என்பார்கள். பின்வரிசையில் இருந்து ஒரு குரல், "ஜெனரல்தானே டீச்சர்?" என்று வரும். மூன்றுமே முழுத் தப்பு இல்லை. ஆனால் எந்த ஒன்றையும் தனியாக எழுதினால் விடை பாதியில் நின்றுவிடும்.

படிவம் 5 வரலாற்றில் அரசியலமைப்பு ஒரு பாடம், மலேசியா உருவானது ஒரு பாடம், அதன் பிறகு வந்த சவால்கள் இன்னொரு பாடம். படைத் தலைமையின் கதை இந்த மூன்றுக்கும் நடுவில் ஓடுகிறது. தனிப் பாடமாக இல்லாததால் மாணவர்கள் அதைக் கோத்துப் பார்ப்பதில்லை. தேர்வை மலாய் மொழியில்தான் எழுதுகிறோம். இருந்தாலும் விஷயம் தாய்மொழியில் புரிந்துவிட்டால் எந்த மொழியிலும் எழுதலாம். அதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு கருத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். தலைமைக்கான சட்டம் 1957இல் வந்தது. அந்தச் சட்டத்தின்படி மேல்மட்டப் பதவிகளில் நம் நாட்டவரே முழுமையாக உட்கார மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. சுதந்திரம் ஒரே நாளில் முடிந்த வேலை இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு கிடைப்பது கஷ்டம்.

1. சட்டம் என்ன சொல்கிறது?

கூட்டரசு அரசியலமைப்பின் 41ஆவது பிரிவு ஒரே வரிதான். கூட்டரசின் ஆயுதப் படைகளுக்கு மாமன்னரே தலைமைத் தளபதி என்கிறது அது. மாணவர்கள் பெரும்பாலும் இந்த வரியோடு நின்றுவிடுகிறார்கள்.

இதை 40ஆவது பிரிவோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சில குறிப்பிட்ட விஷயங்களைத் தவிர, மாமன்னர் அமைச்சரவையின் ஆலோசனைப்படியே செயல்படுவார் என்பது அந்தப் பிரிவு. மாமன்னர் ஐந்து ஆண்டுகளுக்கு ஒரு முறை தேர்ந்தெடுக்கப்படுகிறார் என்பதும் நமக்குத் தெரியும். ஆக, தலைமைத் தளபதி என்ற சிறப்பும் ஓர் அரச குடும்பத்திலேயே தங்காமல் சுற்றி வருகிறது.

அடுத்தது 137ஆவது பிரிவு. ஆயுதப் படை மன்றத்தை, அதாவது மஜ்லிஸ் அங்காத்தான் தெந்தெராவை, அமைப்பது இதுதான். இன்றுள்ள வடிவத்தில் மன்றத்தில் உட்காருபவர்கள்:

- தற்காப்பு அமைச்சர் (தலைவர்)
- ஆட்சியாளர்கள் மாநாடு நியமிக்கும் ஒருவர்
- ஆயுதப் படைத் தலைவர்
- தற்காப்பு அமைச்சின் தலைமைச் செயலாளர் (மன்றத்தின் செயலாளர்)
- ஆயுதப் படையின் மூத்த அதிகாரிகள் இருவர்
- கடற்படையின் மூத்த அதிகாரி ஒருவர்
- ஆகாயப்படையின் மூத்த அதிகாரி ஒருவர்
- தேவைப்பட்டால் மேலும் இருவர்

எண்ணிப் பார்த்தால் அதிகபட்சம் 10 பேர். சீருடை அணிந்தவர்கள் இதில் பலர். ஆனால் தலைவர் நாற்காலியில் இருப்பவர் மக்கள் தேர்ந்தெடுத்த அரசாங்கத்தின் அமைச்சர். கணக்கையும் கோப்பையும் பார்ப்பவர் அரசு ஊழியர். மலாய் ஆட்சியாளர்களுக்கும் ஓர் இடம் உண்டு.

இன்னொரு நுணுக்கம் இருக்கிறது. இதை எழுதும் மாணவர் தனித்துத் தெரிவார். படையின் ஆணை, ஒழுங்கு, நிர்வாகம் எல்லாம் மன்றத்தின் பொறுப்பு. ஆனால் படையை நடவடிக்கையில் ஈடுபடுத்தும் விஷயத்தை 137ஆவது பிரிவு மன்றத்தின் பொறுப்பிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. அது அரசாங்கம் எடுக்க வேண்டிய முடிவு. பதவி உயர்வையும் ஒழுங்கையும் பார்க்கும் இடம் வேறு, போருக்கு அனுப்பும் இடம் வேறு. ஏன் இப்படி? எல்லா அதிகாரமும் ஒரே மேசையில் குவியக் கூடாது என்பதுதான் காரணம்.

2. 1957இல் நாற்காலியில் யார்?

சட்டம் தயார். ஆட்கள் தயாரா என்றால், இல்லை.

மலாய் ரெஜிமெண்ட் 1933 மார்ச் 1 அன்று போர்ட்டிக்சனில் வெறும் 25 பேருடன், ஒரு சோதனை முயற்சியாகத் தொடங்கியது. சிப்பாய்கள் உள்ளூர்க்காரர்கள், நடத்தியவர்கள் பிரிட்டிஷ் அதிகாரிகள். 1948இல் அவசரகாலம் வந்த பிறகு படை வேகமாகப் பெருகியது. எல்லா இனத்தவரும் சேரக்கூடிய கூட்டரசு ரெஜிமெண்ட் 1952இல் உருவானது. டெம்ப்ளர் காலத்தில் போர்ட்டிக்சனில் ஓர் இராணுவக் கல்லூரியும் தொடங்கியது. 1961இல் சுங்கை பெசிக்கு மாறியது அதே கல்லூரிதான்.

கல்லூரி தொடங்கிவிட்டால் உடனே ஜெனரல் கிடைத்துவிட மாட்டார். ஒரு இளம் அதிகாரி படிப்படியாக ஏறி மேல்மட்டத்துக்கு வரப் பல ஆண்டுகள் வேண்டும். அதனால் 1957 ஆகஸ்ட் 31 அன்று கொடி மாறியபோதும், படையின் உச்சியில் ஒரு பிரிட்டிஷ் ஜெனரல்தான் இருந்தார். பெயர் பிராங்க் புரூக். அவருக்குப் பின் வந்த ரோட்னி மூரும் பிரிட்டிஷ்காரர். அதே 1957 அக்டோபரில் பிரிட்டனுடன் தற்காப்பு ஒப்பந்தமும் கையெழுத்தானது.

கடற்படையும் ஆகாயப்படையும் இன்னும் இளையவை. அரச மலாயாக் கடற்படை 1958 ஜூலை 1 அன்றுதான் சிங்கப்பூரிடமிருந்து கூட்டரசின் கைக்கு வந்தது. ஆகாயப்படையும் பிறந்தது அதே 1958இல். இரண்டையும் வழிநடத்த பிரிட்டன், ஆஸ்திரேலியா நாடுகளிலிருந்து அதிகாரிகளை இரவல் வாங்கினோம். 1962 முதல் 1965 வரை நம் கடற்படையை நடத்திய ஆந்தனி சின்னோட், பிற்காலத்தில் ஆஸ்திரேலியாவின் முப்படைத் தலைவராகவே ஆனார். இரவல்தான், ஆனால் நமக்கு வந்தவர்கள் சாதாரண ஆட்கள் இல்லை.

இதை அடிமைத்தனம் என்று ஒரே வரியில் எழுதிவிட்டால் சரியான மதிப்பீடாகாது. மேல் முடிவு 1957 முதலே நம் கையில்தான் இருந்தது. தற்காப்பு அமைச்சர் துன் அப்துல் ரசாக். 1957 முதல் 1970 வரை அந்தப் பொறுப்பு அவரிடமே இருந்தது. வெளிநாட்டு ஜெனரல் உட்கார்ந்தாலும் மேசையின் தலைமாட்டில் நம் அமைச்சர் இருந்தார்.

3. 1964, 1967: நம்மவர் வந்தார்கள்

1964 ஜனவரியில் துங்கு ஒஸ்மான் ஆயுதப் படைத் தலைவரானார். அந்தப் பதவிக்கு வந்த முதல் மலேசியர் அவர்.

காலத்தைக் கவனியுங்கள். மலேசியா பிறந்து நான்கு மாதங்கள்கூட முழுதாக ஆகவில்லை. இந்தோனேசியாவுடன் கொன்ஃப்ரொந்தாசி மோதல் சூடாக இருந்தது. கோலாலம்பூரில் நம் ஜெனரல் தலைமை ஏற்ற அதே நேரத்தில், சபா, சரவாக் எல்லையில் போர் நடவடிக்கைகளை இயக்கியவர் வால்டர் வாக்கர் என்ற பிரிட்டிஷ் ஜெனரல். தலைமை மாறியது, ஆனால் களம் இன்னும் முழுதாக மாறவில்லை. 1966 ஆகஸ்ட்டில் ஜகார்த்தாவில் அமைதி ஒப்பந்தம் கையெழுத்தான பிறகுதான் மீதிப் பதவிகளும் மாறின.

1967இல் ஆகாயப்படைக்கு சுலைமான் சுஜாக் முதல் மலேசியத் தலைவரானார். அதே ஆண்டு டிசம்பரில் கடற்படையின் தலைமை ஆஸ்திரேலிய அதிகாரி டொலார்டிடமிருந்து கே. தனபாலசிங்கத்திடம் வந்தது.

தனபாலசிங்கம் பெயரை நம் பள்ளிகளின் புதிர்ப் போட்டியில் கேட்டிருப்பீர்கள். "முதல் மலேசியக் கடற்படைத் தலைவர் ஒரு தமிழர்" என்று கைதட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். அங்கே கொஞ்சம் நில்லுங்கள். கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கூடத்தில் படித்தவர் அவர். 1955இல், சுதந்திரத்துக்கு முன்பே, பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தார். இங்கிலாந்தின் டார்ட்மத் கடற்படைக் கல்லூரியில் பயிற்சி பெற்றார். தலைமை ஏற்றபோது அவருக்கு வயது 31. சேர்ந்ததிலிருந்து பன்னிரண்டே ஆண்டுகள்.

31 வயதில் ஒரு நாட்டின் கடற்படைக்குத் தலைவர் என்பது பெருமைதான். கூடவே அது அன்றைய நிலைமையையும் காட்டுகிறது. அவருக்கு முன்னால் வரிசையில் மூத்த உள்ளூர் அதிகாரிகள் கூட்டமாக நிற்கவில்லை. ஒரு புதிய நாடு இளைஞர்களை நம்பித்தான் ஆக வேண்டியிருந்தது. அவர் ஏற்ற கடற்படையின் முதன்மைத் தளமோ அப்போது சிங்கப்பூர் உட்லண்ட்ஸில், அதாவது 1965க்குப் பிறகு வேறொரு நாட்டின் மண்ணில் இருந்தது! அந்தச் சூழலில் 1976 வரை அந்தப் படையை அவர் வழிநடத்தினார். நம் மாணவர்களிடம் இதைச் சொல்லுங்கள். "தமிழர்" என்பதோடு கதை முடியவில்லை, அங்கேதான் தொடங்குகிறது.

4. அமைப்புக்கு வந்த சோதனை: 1969

படைத் தலைமை அமைப்பு நல்லதா கெட்டதா என்பது அமைதிக் காலத்தில் தெரியாது. நெருக்கடியில்தான் தெரியும்.

அந்த நாட்களில் நம்மைச் சுற்றி என்ன நடந்தது என்று பாருங்கள். 1958இல் பாகிஸ்தானில் தரைப்படைத் தளபதி அயூப் கான் ஆட்சியைப் பிடித்தார். 1962இல் பர்மாவில் ஜெனரல் நே வின். 1965க்குப் பிறகு இந்தோனேசியாவில் ஜெனரல் சுகார்த்தோ. புதிதாகச் சுதந்திரம் பெற்ற நாடுகளில் படை ஆட்சிக்கு வருவது அன்று அபூர்வம் இல்லை.

1969 மே 13 கலவரத்துக்குப் பின் இங்கும் அவசரநிலை வந்தது. நாடாளுமன்றம் நிறுத்தி வைக்கப்பட்டது. தேசிய நடவடிக்கை மன்றம், அதாவது மாகெரான், அதிகாரத்தை ஏற்றது. ஆயுதப் படைத் தலைவர் துங்கு ஒஸ்மானும் போலீஸ் படைத் தலைவரும் அதில் உறுப்பினர்கள். டாக்டர் இஸ்மாயில், டான் சியூ சின், வீ.தி. சம்பந்தன் ஆகிய அரசியல் தலைவர்களும் இருந்தார்கள். எல்லோருக்கும் மேலே இயக்குநராக இருந்தவர் துன் ரசாக். ஜெனரல் மன்றத்தில் உட்கார்ந்தார், தலைமை ஏற்கவில்லை. 1971 பிப்ரவரியில் நாடாளுமன்றம் மறுபடியும் கூடியது.

இதற்குச் சட்டம் மட்டும்தான் காரணம் என்று எழுத வேண்டாம். தலைவர்களின் குணமும், அமைச்சருக்கும் படைக்கும் இடையே இருந்த பழக்கமும் சேர்ந்ததுதான் காரணம். ஆனால் அமைச்சர் தலைமையில் ஜெனரல் உட்காரும் வழக்கம் அதற்கு முன்பே பன்னிரண்டு ஆண்டுகளாக இருந்தது. புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியிருக்கவில்லை.

5. பிறகு

பிரிட்டனுடனான ஒப்பந்தம் 1971இல் முடிந்தது. அதன் இடத்தில் ஐந்து நாட்டுத் தற்காப்பு ஏற்பாடு வந்தது. 1972இல் ஆயுதப் படைச் சட்டம் இயற்றப்பட்டது. இன்று ஆயுதப் படைத் தலைவரை பங்ளிமா அங்காத்தான் தெந்தெரா என்கிறோம். அவருக்குக் கீழே முப்படைகளுக்கும் தனித்தனித் தளபதிகள். நெடுங்காலம் தரைப்படை அதிகாரிகளே உச்சப் பதவிக்கு வந்தார்கள். 2005இல் அட்மிரல் முகமட் அன்வார் முதல் கடற்படைக்காரராக அந்தப் பதவியை ஏற்றார். 2009இல் ஜெனரல் அசிசான் ஆகாயப்படையிலிருந்து வந்தார். இரண்டு இளைய படைகளும் உச்சிக்கு வர ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆகியிருக்கிறது.

மாணவர்களுக்கு: நினைவில் வைக்க வேண்டிய ஆண்டுகள்

1933 – மலாய் ரெஜிமெண்ட் தொடக்கம்
1957 – சட்டப்பிரிவுகள் 41, 137. பிரிட்டனுடன் தற்காப்பு ஒப்பந்தம்
1958 – கடற்படை கூட்டரசின் கைக்கு வருதல், ஆகாயப்படை தோற்றம்
1964 – முதல் மலேசிய ஆயுதப் படைத் தலைவர்
1967 – கடற்படை, ஆகாயப்படைகளுக்கு முதல் மலேசியத் தலைவர்கள்
1969–1971 – மாகெரான்
2005 – கடற்படையிலிருந்து முதல் ஆயுதப் படைத் தலைவர்

சிந்தனை வினாக்கள்

1. மாமன்னர் தலைமைத் தளபதி என்றால், ஆயுதப் படை மன்றம் எதற்கு? 40, 41, 137 ஆகிய மூன்று பிரிவுகளையும் சேர்த்து விளக்குக.
2. சுதந்திரம் 1957இல் கிடைத்தும் படைத் தலைமை முழுமையாக மலேசியர் கைக்கு வர 1967 வரை ஆனது ஏன்? மூன்று காரணங்கள் தருக.
3. 1969 நெருக்கடியில் படைத் தலைவரின் பங்கை, அதே காலத்து அண்டை நாடு ஒன்றோடு ஒப்பிடுக.

ஆசிரியர்களுக்கு ஒரு யோசனை. முதல் வினாவை எழுத வைப்பதற்கு முன், பத்து மாணவர்களை முன்னால் அழைத்து மன்றத்தை வகுப்பிலேயே அமைத்துவிடுங்கள். ஒவ்வொருவர் கையிலும் பதவியின் பெயர் எழுதிய அட்டை கொடுங்கள். "படையை எல்லைக்கு அனுப்பலாமா?" என்று கேளுங்கள். ஜெனரல் அட்டை வைத்திருக்கும் பிள்ளை உடனே "அனுப்பலாம்" என்று சொல்லும். அது மன்றத்தின் வேலையா என்று மற்ற ஒன்பது பேரும் யோசிக்கட்டும். 137ஆவது பிரிவு அதன் பிறகு மறக்காது.