தொழினுட்பத் தேர்வும் உழைப்பும்: வீட்டில் ஆக்கிய விமானங்களின் சில்லுகள்

பறக்கையில் சில்லுகளை உள்ளிழுத்தால் காற்றெதிர்ப்புக் குறையும். 1930களில் விமான ஆலைகள் இம்முறையைப் பரவலாக ஏற்றன. எனினும், தம் கையாலேயே விமானம் அமைத்த அமெரிக்கர் பலர் சில்லுகளுக்கு உறையிடுவதோடு நின்றனர். இதனைப் பின்தங்கல் எனக் கொள்வது பொருந்தாது. உள்ளிழுக்கும் பொறிமுறை எடையையும் செலவையும், யாவற்றுக்கும் மேலாக உழைப்பு நேரத்தையும் கோருவது. உறையோ அலுமினியத் தகட்டிலோ கண்ணாடியிழையிலோ வீட்டுக் கொட்டகையில் ஆக்கத்தக்கது.

1975இல் முதன்முதற் பறந்த பேட் றூட்டனின் வாரிஈஸி இம்முரண்பாட்டை அப்படியே தாங்கி நிற்கிறது: விமானி கைப்பிடியைச் சுழற்ற மூக்குச்சில்லு மாத்திரம் உள்ளே மடியும், பிரதான சில்லுகள் இரண்டும் வெளியிலேயே இருக்கும்.

ஸ்ரீவ் விற்மனோ, மடிக்காத காலையே மெல்லிய வில்லுருக்காக்கினார். தமது பந்தய விமானங்களுக்காக அவர் கண்ட அவ்வமைப்பின் உரிமையைச் செஸ்னா நிறுவனம் வாங்கியது. 1946 முதல் அது ஆலையின் பெருந்தொகை உற்பத்திக்கு உரியதாயிற்று.