யார் நிரூபிக்க வேண்டும்?

2018 பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தேன். லீவு முடிந்து கிளம்ப வேண்டிய நாள் காலையில் அப்பா போனை நீட்டி, "இது என்னன்னு பாருடா" என்றார். இரவு 11.58க்குப் பத்தாயிரம். 12.03க்கு இன்னொரு பத்தாயிரம். நடுவில் தேதி மாறிவிட்டதால் ஒரு நாளுக்கான உச்சவரம்பு குறுக்கே வரவில்லை. எடுத்தவனுக்குத் தொழில் தெரிந்திருக்கிறது. டெல்லியில் ஏதோ ஒரு ஏடிஎம். அப்பா டெல்லியைப் பார்த்ததே இல்லை. கார்டு அவருடைய சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

முதலில் போன் போட்டு கார்டை பிளாக் செய்தோம். பிறகு வங்கி. அங்கிருந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "பின் நம்பர் சரியா அடிச்சாத்தான் சார் பணம் வரும். சிஸ்டம் தப்பு பண்ணாது" என்றார். "பின் வேற யாருக்குத் தெரியும்?"

"இவனுக்குத் தெரியும். இவன்தான் செட் பண்ணிக் கொடுத்தான்."

"தம்பி என்ன பண்றாரு?"

"கம்ப்யூட்டர் இன்ஜினியர்."

சொல்லிவிட்டு அப்பாவும் ஒரு நொடி என்னைத் திரும்பிப் பார்த்தார்.

'சிஸ்டம் தப்பு பண்ணாது' என்ற அந்த வாக்கியத்தின் வரலாற்றை அதற்குப் பிறகுதான் தேடிப் படித்தேன். லண்டன் அருகே என்ஃபீல்டில் 1967 ஜூன் 27 அன்று பார்க்லேஸ் வங்கி முதல் பண இயந்திரத்தைத் திறந்தது. இயந்திரம் பெருகப் பெருக, 'நான் எடுக்கவில்லை' என்று வருகிற ஆட்களும் பெருகினார்கள். 1980இல் நியூயார்க்கின் குயின்ஸ் பகுதி நீதிமன்றத்துக்கு அப்படி ஒரு பெண் வந்தார். போனது 800 டாலர். பணம் எடுக்கப்பட்ட நேரத்தில் அவர் வேலையில் இருந்தார். முதலாளியின் கடிதம் கையில் இருந்தது. வங்கியிடம் இருந்தது கணினி அச்சிட்ட தாள். நம்பத்தகுந்த ஒரு மனிதரின் சொல்லை இயந்திரத்தின் சாட்சியம் தானாகவே தோற்கடித்துவிடாது என்று நீதிபதி அவர் பக்கம் தீர்ப்பளித்தார். வாடிக்கையாளர் மறுத்தால் வங்கிதான் நிரூபிக்க வேண்டும் என்று அமெரிக்கச் சட்டமும் 1978லேயே சொல்லியிருந்தது.

பிரிட்டனில் நேரெதிர். கேம்பிரிட்ஜ் பக்கம் ஒரு கான்ஸ்டபிள், 1992இல் விடுமுறை முடிந்து வீடு திரும்பினால் கணக்கில் 460 பவுண்டு இல்லை. போய்க் கேட்டார். அவர்மீதே மோசடி முயற்சி என்று வழக்குப் போட்டார்கள்! 1994இல் குற்றவாளி என்று தீர்ப்பு. ஒரு போலீஸ்காரருக்கு அதைவிட என்ன வேண்டும்? மேல்முறையீட்டில்தான், எதிர்த்தரப்பு நிபுணர் உங்கள் கணினி அமைப்பைப் பார்க்கட்டும் என்று நீதிபதி சொன்னார். நிறுவனம் திறந்து காட்ட மறுத்தது. அதன் சாட்சியம் தள்ளுபடியாகி, 1996இல் அவர் விடுதலையானார். நடுவே நான்கு வருடம்.

அவருக்காக நிபுணராக வந்தவர் கேம்பிரிட்ஜின் ராஸ் ஆண்டர்சன். ஏடிஎம் மோசடிகள் உண்மையில் எப்படி நடக்கின்றன என்று அவர் 1993இல் எழுதிய கட்டுரை என் தொழிலில் இருக்கிற எல்லோரும் படிக்க வேண்டியது. யாரும் சங்கேதக் கணக்கை உடைக்கவில்லை. ஒரு சிறிய நிறுவனம் நிரல் பிழையால் தன் வாடிக்கையாளர் அனைவருக்கும் ஒரே பின் எண்ணைக் கொடுத்திருந்தது. இன்னொரு வங்கியின் கார்டில், காந்தப் பட்டையிலுள்ள கணக்கு எண்ணை மட்டும் அடுத்தவருடையதாக மாற்றினால் போதும், திருடன் தன் சொந்தப் பின்னை அடித்தே அவர் பணத்தை எடுக்கலாம். படித்தபோது சிரிப்பு வரவில்லை. இதே ரகப் பிழைகளை வெள்ளிக்கிழமை மாலை அவசரத்தில் நானும் அனுப்பியிருக்கிறேன்.

அமெரிக்க வங்கிகள் பாதுகாப்புக்குக் குறைவாகவே செலவழித்தும் அங்கே மோசடி குறைவாக இருந்தது என்று ஆண்டர்சன் பின்னால் எழுதினார். நஷ்டம் தன் தலையில் விழும் என்றால் வங்கி சரியான ஓட்டையை அடைக்கும். வாடிக்கையாளர் தலையில் விழுந்தால் அசட்டையாக இருக்கும்.

எங்கள் கதைக்கு வருகிறேன். காந்தப் பட்டை என்பது கிட்டத்தட்ட பழைய கேசட் டேப்தான், யாரும் படித்துப் பிரதி எடுக்கலாம். ஏடிஎம் வாயில் ஒரு போலி ரீடர், மேலே விரலைப் பார்க்கிற கேமரா, முடிந்தது. (பின் அடிக்கும்போது இன்னொரு கையால் மறைக்கச் சொல்வது இதற்குத்தான்.) பதிவேட்டில் 'கார்டு செருகப்பட்டது, பின் சரி' என்று மட்டும் இருக்கும். எதிரே நின்றது யார் என்று அதற்குத் தெரியாது.

நல்லவேளையாக 2017 ஜூலை 6 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது. இரு தரப்பிலும் தவறில்லாமல் மூன்றாம் ஆள் செய்த மோசடி என்றால், தகவல் வந்து மூன்று வேலைநாளுக்குள் புகார் கொடுத்தவருக்குப் பொறுப்பு பூஜ்யம். ஏழு நாள்வரை போனால் சேமிப்புக் கணக்குக்காரர் பத்தாயிரம்வரை இழக்க நேரலாம். வாடிக்கையாளர்தான் காரணம் என்றால் அதை வங்கி நிரூபிக்க வேண்டும். ஆனால் ஓடிபியை நாமே சொல்லிவிட்டால், வங்கிக்குத் தெரிவிக்கும்வரை போனது நம் கணக்கில்தான். சிப் கார்டு வந்து பிரதி எடுப்பது கடினமானதும் திருடர்கள் போனுக்கு மாறியது அதனால்தான். இன்று 1930க்கு உடனே கூப்பிடலாம்; அப்போது எங்களுக்கு அது இல்லை.

சுற்றறிக்கையைப் போனில் திறந்து கவுண்ட்டரில் காட்டினேன். அப்பா கையாலேயே புகார் எழுதினார். நகலில் தேதியும் நேரமும் போட்டு சீல் வைத்துத் தராமல் நகரமாட்டேன் என்று நின்றேன். ஒன்பதாவது வேலைநாளில் இருபதாயிரமும் திரும்ப வந்தது.

சிப் வைத்த புதுக் கார்டு தபாலில் வந்தது. அதற்கு அப்பா தானே போய்ப் பின் செட் பண்ணிக்கொண்டார். என்ன எண் என்று என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.