சீட்டில் இல்லாத கட்சி

ஊராட்சியிற் கட்சிக்கு இடமுண்டா என்பது பழைய வினா. வடிகால் வெட்டவும் குப்பை அள்ளவும் கட்சிக் கொள்கை எதற்கு என்பர் ஒருசாரார். கட்சியறியாது வாக்களிப்பது ஆளறியாது கடன் கொடுப்பதை ஒக்கும் என்பர் மறுசாரார். ஐக்கிய அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்தில் இவ்வினாவுக்குச் சட்டமே விடை கூற முற்பட்டது.

1910 இல் அம்மாநிலத்தின் பெருநகராகிய மில்வாக்கி, மரச்செதுக்குத் தொழிலாளியான எமில் சைடலை நகரபிதாவாகத் தெரிந்தது. அமெரிக்கப் பெருநகரொன்றிற் சமவுடைமைக் கட்சியினர் ஒருவர் அப்பதவியை எய்தியது அதுவே முதன்முறை. 1912 இல் குடியரசுக் கட்சியினரும் சனநாயகக் கட்சியினரும் தம் பகை மறந்து ஒரே வேட்பாளரை ஆதரித்து அவரைத் தோற்கடித்தனர். அவ்வாண்டிலேயே மாநிலச் சட்டசபை, நகரத் தேர்தல் வாக்குச்சீட்டிற் கட்சிப் பெயர் இடம்பெறலாகாது என விதித்தது.

பெயர் மறைந்தது, கட்சி மறைந்ததா? 1916 இல் அதே கட்சியைச் சேர்ந்த டானியல் ஹோன் வென்று, 1940 வரை 24 ஆண்டுகள் பதவி வகித்தார். பிராங்க் சைட்லர் 1948 முதல் 1960 வரை அப்பதவியில் இருந்தார். கழிவுநீர் வடிகால், பூங்கா, நேர்மையான நிருவாகம் என்பவற்றையே பெரிதும் பேசியமையால் 'சாக்கடைச் சமவுடைமையாளர்' என்னும் ஏளனப் பெயரும் இவர்களுக்கு வாய்த்தது. ஆனால் அப்பணிகளைக் கண்டே மாற்றுக் கட்சியினர் பலரும் ஹோனுக்கு வாக்களித்தனர்.

விஸ்கொன்சின் நகரத் தேர்தற் சீட்டில் இன்றும் கட்சிப் பெயர் இல்லை. ஒரு கட்சியைத் தடுக்க எழுந்ததாகக் கருதப்பட்ட விதி, அக்கட்சியின் நல்லாட்சிக்குத் தடையாகவில்லை என்பதே இவ்வரலாறு தரும் பாடம்.